இடப்பக்கத்துக் கை

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் மிஸ்லான், ஹாஜி தம்ரின் நீட்டிய கையை வாங்காமல் எழுந்து போய்விட்டார் என்ற சேதி, அவர் பள்ளிவாசலிலிருந்து நடந்து வீடு வந்து சேருவதற்கு முன்னாலேயே எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்கு வந்துவிட்டது. எங்கள் லிஃப்ட் மெதுவாகத்தான் ஏறும். வாய் அப்படியில்லை.

தொழுது முடித்தால் வலப்பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு கை, இடப்பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு கை. இரண்டு கையாலும் மெதுவாகத் தொட்டு, தொட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொள்வார்கள். முன்பின் தெரியாதவன் நீட்டினாலும் வாங்குவார்கள். நேற்றுச் சண்டை போட்டவன் நீட்டினாலும் வாங்கிக்கொண்டு, வெளியே செருப்பு மாட்டும்போது சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். நீட்டிய கையை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போவது கன்னத்தில் அறைவதைவிட மோசம். அதுவும் யாருடைய கை? அடுத்த மாதம் சம்பந்தியாகப் போகிறவரின் கை. மிஸ்லானின் மகள் ஹெர்லினாவுக்கும் ஹாஜியின் மகன் ஃபைருஸுக்கும் மோதிரம் மாற்றியாகிவிட்டது. கல்யாணத்துக்குப் புளோக்கின் கீழ்த்தளத்தைப் பிடித்து வைத்தாகிவிட்டது.

நான் அவர்களுக்கு எதிர்வீடு. தமிழன்தான், ஆனால் மீசை முளைத்த நாளிலிருந்து இந்த மலாய்க்காரர்களோடு ஒரே மாடியில் குடியிருக்கிறேன். மளிகைச் சாமான் வேன் ஓட்டுகிறேன். மிஸ்லான் கல்யாணச் சமையல்காரர். அவர் அண்டா வைக்கிற இடமெல்லாம் அரிசியும் நெய்யும் இறக்குவது நான்தான். அதனால் அவர் வீட்டுச் சண்டை என் காதில் விழுவதற்கு நான் ஒட்டுக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் மனைவி மஸ்னா அக்கா கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போடுகிற ஆளும் இல்லை.

"கையை ஏன் வாங்கல?"

"யாரு கையை?"

"யாரு கையையா? ஊரே சிரிக்குது. ஹாஜி தம்ரின் கையை!"

"அவரு எங்க நீட்டுனாரு?" மிஸ்லானின் குரல் உடனே ஏறிவிட்டது. "இடப்பக்கம்தான் உக்காந்திருந்தாரு. நீட்டுவாரு நீட்டுவாருன்னு பார்த்தேன். நீட்டல. பழசை இன்னும் மனசுல வச்சிருக்காருபோலன்னு நெனச்சேன். நான் மட்டும் எதுக்கு முந்திக்கிட்டுப் போய் இளிக்கணும்? எழுந்து வந்துட்டேன்."

"நீட்டுனாராம்! ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தாராம்! பின்னால இருந்தவன்லாம் பார்த்திருக்கான்."

"கையே இல்லையே அங்க."

"பள்ளிவாசல் முழுக்கப் பார்த்த கை உங்க கண்ணுக்கு மட்டும் தெரியலையா அபாங்?"

"இல்லாத கையை எப்படிடி வாங்குறது? கையே இல்லையே அங்க!"

கணவனை அபாங் என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே நாறடிப்பது எப்படி என்பதை மஸ்னா அக்காவிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அவள் பேசிய மீதியை நான் எழுதப்போவதில்லை.

அந்தப் பழசு இதுதான். சில வருஷத்துக்கு முன்னால் பள்ளிவாசல் விருந்துக்கு மிஸ்லான் நெய்ச்சோறு ஆக்கினார். ஹாஜி தம்ரின் நிர்வாகக் குழுவில் இருப்பவர். சோற்றை ஒரு வாய் தின்றுவிட்டு, "நெய் நிறைய வாங்குனதா ஞாபகம். சோத்துல காணோமே" என்று நாலு பேர் முன்னால் சொன்னார். நெய்யை இறக்கியவன் நான். ஒரு டின் குறையவில்லை. மிஸ்லான் அன்று சோறு கிளறும் துடுப்பைக் கழுவி வைத்துவிட்டுப் போனவர், ஹாஜி இருக்கிற பக்கம் பல மாதம் திரும்பவில்லை. பிறகு பிள்ளைகள் இரண்டும் ஒரே ஆஸ்பத்திரிக் கேண்டீனில் வேலை பார்த்து, ஒன்றையொன்று பிடித்துப்போய், பெரியவர்களைக் கட்டாயப்படுத்திச் சேர்த்து வைத்தன. ஆகவே மிஸ்லான் வேண்டுமென்றேதான் கையை விட்டார் என்று ஊர் நம்பியதில் ஆச்சரியமில்லை. கட்டின மனைவியே நம்பினாள்.

அந்த வாரமே எங்கள் புளோக்கில் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. காப்பிக்கடையில் சில்லறை கேட்டால், "கையே இல்லையே அங்க." லிஃப்டைப் பிடித்து வைக்கச் சொன்னால், "கையே இல்லையே அங்க." பந்து விளையாடுகிற வாண்டுகள் வரைக்கும் பழகிவிட்டன. மிஸ்லான் காது கேட்காதவர் இல்லை. படியில் எதிர்ப்பட்டால் முகம் கறுத்துப்போய் நேராக நடப்பார். பக்கத்தில் யார் தலையசைத்தாலும் திரும்புவதில்லை. "பாரேன் திமிரை" என்றார்கள்.

ஹாஜியின் மனைவி கல்சோம் செவ்வாய்க்கிழமை வந்தாள். ஒரு தட்டு நிறைய மரவள்ளிக்கிழங்குப் பலகாரம். உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினாள், முழங்கால் வலியைப் பற்றிப் பேசினாள், மீன் விலையைத் திட்டினாள். முக்கியமான சேதியை இவர்கள் நடுவீட்டில் சொல்வதில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது சொன்னாள்.

"கல்யாணத்தைப் பெருநாள் கழிச்சு வச்சுக்கலாமான்னு வீட்டுல கேக்குறாரு. அவசரம் ஒண்ணுமில்லையே, என்ன?"

அவள் லிஃப்டில் ஏறிய பிறகுதான் மஸ்னா அக்கா வாயைத் திறந்தாள். "பெருநாள் கழிச்சு! எந்த வருஷத்துப் பெருநாள்னு சொல்லிட்டுப் போகலாமில்ல? சிரிச்சுக்கிட்டே வந்து என் பொண்ணு கழுத்துல கத்தியை வச்சுட்டுப் போறா." ஹெர்லினா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பலகாரத்தை வீட்டில் ஒருவரும் தொடக் கூடாது என்று உத்தரவானது. எனக்குத்தான் வந்தது, நன்றாகத்தான் இருந்தது. தட்டை வெறுமனே திருப்பி அனுப்புவது இங்கே வழக்கமில்லை. மஸ்னா அக்கா அதில் குட்டிப் பச்சைமிளகாயைக் குவியலாக நிரப்பி என் வேனில் கொடுத்தனுப்பினாள்.

இதற்கு நடுவில்தான் கண் பரிசோதனைக்காரப் பெண்கள் இரண்டு பேர் வீடு வீடாக வந்தார்கள். நாற்பது தாண்டின மலாய்க்காரர்களாகப் பார்த்துத் தேடினார்கள். இலவசமாம், ஒரு காலைப்பொழுதுதானாம். மிஸ்லான் வாசலிலேயே அவர்களை மடக்கினார்.

"எதுக்கு? எங்க கண்ணு மட்டும் உங்களுக்கு இளிச்சவாயா? மஸ்னா, ஊசியும் நூலும் எடுத்துட்டு வா."

கண்ணாடி போடாமல், கண்ணைச் சுருக்காமல், ஒரே குத்தில் நூலைக் கோத்துக் காட்டினார். "பார்த்தீங்களா? ஒரு மூட்டை அரிசியில ஒரு கல்லு கெடந்தா இங்கேருந்தே சொல்லுவேன். போயி கண்ணு தெரியாதவனைப் பாருங்க." அந்தப் பெண்கள் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். அவர்களும் என்ன செய்வார்கள்.

சனிக்கிழமை அடுத்த தெருவில் ஒரு கல்யாணச் சமையல். விடியற்காலையிலிருந்தே மழை. கீழ்த்தளத்தின் ஓரமாகத் தார்ப்பாய் கட்டி, அதன் கீழே கேஸ் அடுப்புகள் உறுமிக்கொண்டிருந்தன. பாய் விரித்து அக்கம்பக்கத்துப் பெண்கள் வெங்காயம் உரித்தார்கள், முட்டை உரித்தார்கள், ஆட்களையும் உரித்தார்கள். கல்யாண வீட்டுக்குச் சமைக்கக் கூடுவது இவர்களுக்குக் கல்யாணத்தைவிடப் பெரிய கொண்டாட்டம். மாட்டிறைச்சி ரெண்டாங் கறி ஒரு அண்டாவில் கறுத்துச் சுருண்டுகொண்டிருந்தது. இன்னொன்றில் நெய் உருகி, பட்டையும் கிராம்பும் பண்டான் இலையும் விழுந்து, அந்த வாசனை மழைக்குள் தெரு முழுக்கப் போனது. மிஸ்லான் படகுத் துடுப்பு நீளத்துக்கு இருக்கும் தன் மரத்துடுப்பைப் போட்டு அரிசியைப் புரட்டினார். அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அரிசி ஒன்றுகூட உடையாது.

"அந்தக் கத்தியை இப்படிக் கொடு" என்றாள் ஒருத்தி.

"கையே இல்லையே அங்க" என்றாள் இன்னொருத்தி. பாய் முழுக்கச் சிரித்தது.

மிஸ்லானின் கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். துடுப்பு இன்னும் வேகமாகச் சுற்றியது. சரியாக அப்போதுதான் மஸ்னா அக்கா, பொரித்த வெங்காயத்தையும் கொதிக்கிற நெய்யையும் வாணலியோடு தூக்கிக்கொண்டு அவருடைய இடப்பக்கமாக வந்தாள். "சூடு, சூடு" என்று சொல்லிக்கொண்டுதான் வந்தாள். மழைச் சத்தத்திலும் அடுப்புச் சத்தத்திலும் அது யாருக்குக் கேட்கும்? மிஸ்லான் துடுப்பை வெளியே இழுத்துத் திருப்பினார். அதன் முனை அவள் முழங்கையில் போய் இடித்தது. வாணலி சரிந்து நெய் அவள் பாதத்தில் கொட்டியது.

அவள் போட்ட சத்தத்தில் சிரிப்பெல்லாம் நின்றுபோனது. நான் தண்ணீர் வாளியை எடுத்துக்கொண்டு ஓடினேன். மிஸ்லான் முகம் வெளுத்துப்போய் நின்றார். பதறியவர், ஐயோ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் கத்தினார்.

"அங்க எதுக்குடி வந்து நின்ன? ஆளு வேலை செய்யுற எடத்துல பூனை மாதிரியா வருவாங்க?"

"உங்க கண்ணு முன்னாலதானே வந்தேன்!"

"வரல!"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள், மிஸ்லான் கோபத்தில் மனைவியைத் துடுப்பால் அடித்துவிட்டார் என்று ஆகிவிட்டது. ஹாஜி வீட்டுக்கும் அது போயிருக்கும்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது நடந்ததை மஸ்னா அக்காவே எனக்குச் சொன்னாள். பாதத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு, அவருக்கு இடப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவர் தலையைக் குனிந்து சம்பலும் பொரித்த மீனும் போட்டுத் தின்றுகொண்டிருக்கிறார். அவளுக்குள்ளே எரிகிறது. பேசினால் பிள்ளை அழும், பேசாவிட்டால் நெஞ்சு வெடிக்கும். அதனால் அவரைப் பார்த்துப் பழிப்புக் காட்டியிருக்கிறாள். நாக்கை நீட்டினாள். முஷ்டியை மடக்கி அவர் முகத்துக்கு நேராக ஆட்டினாள். முறைப்பார், சண்டை வரும், வரட்டும் என்று காத்திருந்தாள்.

அவர் மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார்.

குழம்புக் கரண்டியை எடுத்து ஓங்கினாள். அவர் காதுக்கு ஒரு சாண் தூரம்.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றார் அவர், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"நான் விடல தம்பி" என்றாள் மஸ்னா அக்கா. "கரண்டியை இன்னும் கிட்டக் கொண்டுபோனேன். கண்ணு இமைக்கல. அப்படியே முன்னால கொண்டுவந்தேன். மூக்குக்கு நேரா வந்தப்பத்தான் திடுக்குன்னு நிமிந்தாரு. 'என்னடி, என்னைக் கொல்லப் போறியா'ன்னு கத்துறாரு. நான் என்னத்தைச் சொல்ல? அந்த மனுஷன் அவ்வளவு நாளும் நெசத்தைத்தான் சொல்லியிருக்காரு. அவருக்கு அங்க கையே இல்ல."

சொல்லிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே அவரைத் திட்டினாள். எதற்காகத் திட்டுகிறாள் என்று எனக்குப் புரிந்தது, அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை.

திங்கட்கிழமை அவர்கள் இருவரையும் கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் வேனில் கூட்டிப்போனேன். மிஸ்லான் வழி நெடுக முணுமுணுத்தார். வலியில்லை, சிவப்பில்லை, தண்ணி வழியவில்லை, எதற்கு டாக்டர்? ஒரு கிண்ணம் மாதிரியான மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும், ஓரத்தில் எங்காவது வெளிச்சம் மின்னினால் பொத்தானை அமுக்க வேண்டும். மிஸ்லான் வெளியே வந்து அந்த மெஷின்காரப் பெண்ணிடம் சண்டைக்கு நின்றார்.

"உங்க மெஷினு கெட்டுப்போச்சும்மா. நடுநடுவுல ரொம்ப நேரம் தூங்கிடுது. வெளிச்சமே வரல."

அந்தப் பெண் மெஷினிலிருந்து வந்த காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராக டாக்டர் அறைக்குள் போனாள்.

டாக்டரும் மலாய்க்காரிதான். தலைத்துணி கட்டிய சின்னப் பெண், எங்கள் ஹெர்லினாவைவிடக் கொஞ்சம் பெரியவள். கிளாக்கோமா என்றாள். கண்ணுக்குள் இருக்கிற நரம்பு ஓரத்திலிருந்து சத்தமில்லாமல் பட்டுப்போய்க்கொண்டே வருகிறது, நடுப்பார்வை கடைசியில்தான் போகும், அதனால்தான் ஊசியில் நூல் கோக்க முடிகிறது என்றாள். இடது கண்ணில் பாதிக்கு மேல் போய்விட்டது. வலது கண்ணிலும் தொடங்கிவிட்டது.

"போனதைத் திருப்பிக் கொண்டுவாங்க" என்றார் மிஸ்லான்.

"அது முடியாதுங்க மாமா. இருக்கிறதைக் காப்பாத்தத்தான் மருந்து. தினமும் விடணும், ஆயுசுக்கும்."

"அப்ப நீங்கள்லாம் எதுக்குப் படிச்சீங்க?"

மஸ்னா அக்கா அவர் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு அவளே ஆரம்பித்தாள்.

"இப்படி ஒரு வியாதி இருக்குன்னு எங்களுக்கு ஏம்மா யாருமே சொல்லல? இவருக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு?"

"இவருக்கு மட்டும் இல்லைங்க மாமி. நாற்பது தாண்டுன நம்மாளுங்க நூறு பேரைப் பார்த்தா மூணு நாலு பேருக்கு இருக்கு. அதுல பெரும்பாலானவங்களுக்குத் தனக்கு இருக்கிறதே தெரியாது. ஒரு பக்கம் தெரியலைன்னு யாருக்கும் தோணுறதில்ல. தெரியாத எடத்துல இருட்டா இருக்காது, ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் இருக்கும்."

"எங்க புளோக்குலயே நாற்பது தாண்டுனது நூறு பேருக்கு மேல இருப்பாங்களே. அப்ப மத்தவங்க யாரு?"

"அதைத்தான் தேடிக்கிட்டு வீடு வீடா வர்றோம்" என்றாள் டாக்டர். அவள் குரலிலும் கோபம் இருந்தது. "கதவைத் தொறந்தாத்தானே."

மிஸ்லான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மஸ்னா அக்கா, "சாயங்காலமே ஹாஜி வீட்டுக்குப் போறோம். விஷயத்தைச் சொல்றோம்" என்றாள். அவ்வளவுதான், மிஸ்லான் வெடித்துவிட்டார்.

"எவன்கிட்டயும் சொல்லக் கூடாது! வாயைத் தொறந்தே, தெரியும்!"

"ஏன்? நீங்க வேணும்னு செய்யலைன்னு சொல்லப்போறேன். அதுல என்ன கேவலம்?"

"கண்ணு தெரியாதவன்கிட்ட எவன்டி அண்டாவைக் கொடுப்பான்? கொதிக்கிற நெய் முன்னால குருடனை நிப்பாட்டுவானா? திமிர் புடிச்சவன்னு சொல்லிட்டுப் போகட்டும். திமிர் புடிச்சவன் சமைச்சா தின்னுவாங்க. குருடன்னு சொல்ல வேணாம்."

"அப்ப உங்க திமிரை என் பொண்ணு சுமக்கணுமா?"

"உன் பொண்ணுன்னா? எனக்கு என்ன வேணும் அவ?"

"அதைத்தான் கேக்குறேன்!"

ஹெர்லினா அறையிலிருந்து வெளியே வந்தாள். சத்தம் போடுகிற பெண் இல்லை அவள். அன்றைக்கும் போடவில்லை. ஆனால் அப்பாவின் இடப்பக்கம் நின்றவள், ஒரு கணம் யோசித்து, சுற்றிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். அதைப் பார்த்ததும் மிஸ்லானின் வாய் மூடிக்கொண்டது.

"அப்பா, ஃபைருஸ் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. உங்க அப்பாவுக்கு எங்க அப்பாவை அவ்வளவு வெறுப்பான்னு. நான் இல்லைன்னு சொன்னேன். அப்ப ஏன் கையை வாங்கலன்னாரு. எனக்குப் பதில் தெரியல. இப்பத் தெரியுது. சொல்லாதேங்குறீங்க. சரி, சொல்லல. கல்யாணம் வேணாம்னு நானே சொல்லிடுறேன்."

மிஸ்லான் ரொம்ப நேரம் அவளையே பார்த்தார். நேராகப் பார்க்க அவருக்கு இன்னும் கண் இருந்தது.

"வர்றேன்" என்றார் கடைசியில். "ஆனா நான் பேச மாட்டேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"அல்ஹம்துலில்லா" என்றாள் மஸ்னா அக்கா. "நீங்க பேசாம இருந்தாலே பாதிக் காரியம் நடந்துரும்."

பாதம் வீங்கியிருந்ததால் அவளால் நடக்க முடியவில்லை. அதனால் நானும் வேனும். எனக்கும் மேலே வரும்படி உத்தரவு. "வெளியாளு ஒருத்தன் இருந்தாத்தான் ஹாஜி கொஞ்சம் அடக்கி வாசிப்பாரு."

அடக்கியெல்லாம் வாசிக்கவில்லை. ஹாஜி தம்ரின் ஜன்னலுக்குப் பக்கத்தில் தன் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கட்டம் போட்ட கைலி, வெள்ளைத் தொப்பி. வாசலில் கை கொடுக்க எழுந்திருக்கவில்லை. மிஸ்லானும் நீட்டவில்லை. கல்சோம் எங்களை உட்காரவைத்தாள். மஸ்னா அக்கா ஹாஜிக்கு நேர் எதிரே, மிஸ்லான் ஹாஜியின் இடப்பக்கத்து ஸ்டூலில், நான் கதவோரம். ஃபைருஸ் சமையலறை வாசலில் நின்றான். வெளியே மறுபடி மழை பிடித்துக்கொண்டது.

"நீங்க அனுப்புன மிளகாய் நல்ல காரம்" என்றாள் கல்சோம், தேநீரை வைத்துக்கொண்டே.

"உங்க சேதி அளவுக்கு இல்ல" என்றாள் மஸ்னா அக்கா.

பிறகு ஒன்று விடாமல் சொன்னாள். கரண்டியை ஓங்கியது, மெஷின், டாக்டர் சொன்னது, ஆயுசுக்கும் மருந்து. மிஸ்லான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் மானத்தை யாரோ ஏலம் போடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்போல அவர் காது சிவந்திருந்தது.

ஹாஜி முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நல்லா இருக்கு. அரிசியில கல்லு தெரியும். ஊசியில ஓட்டை தெரியும். தம்ரின் கை மட்டும் தெரியாது. எனக்குன்னே ஒரு வியாதியைச் செஞ்சு வாங்கியிருக்காரு."

"ஹாஜி, டாக்டரு சொன்னதை..."

"எந்த டாக்டரு? எனக்கு அறுபது ஆவப்போவுது, நம்மாளுங்கள்ல ஒருத்தனுக்கு இப்படி வந்து நான் கேட்டதில்ல. குருடுன்னா குருடு. பாதிக் குருடு, பக்கத்துக் குருடுன்னு ஒண்ணு உண்டா? கல்சோம், தேத்தண்ணி கேட்டனே, எங்க?"

தேநீர் அவர் இடது முழங்கைக்குப் பக்கத்தில் ஆவி பறக்க இருந்தது. கல்சோம் அதை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். என்ன ஒரு கொழுப்பு, பக்கத்தில் இருக்கிறதை எடுக்கக்கூட மனைவி வேண்டுமா என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"மன்னிப்புக் கேக்க வந்திருந்தா அது வேற" என்று அவர் மஸ்னா அக்காவைப் பார்த்துத் தொடர்ந்தார். "ஆம்பளைன்னா தப்புப் பண்ணிட்டேன்னு கையை நீட்டணும். அதை விட்டுட்டு பொண்டாட்டியைப் பேசவிட்டு, வியாதி, மருந்து, மாயம். பள்ளிவாசல்ல அத்தனை பேருக்கு முன்னால நான் கையை நீட்டிக்கிட்டு பிச்சைக்காரன் மாதிரி..."

மிஸ்லான் எழுந்தார்.

அந்த மனிதர் யாருக்கும் தலை வணங்கியவர் இல்லை. ஹெர்லினாவுக்காக வணங்கினார். ஹாஜியின் இடப்பக்கமாகக் குனிந்து, இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார். நெருப்பில் காய்ந்து தோல் உரிந்த பெரிய கைகள். ஒரு வார்த்தை பேசவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

ஹாஜி பேசிக்கொண்டே இருந்தார். "எனக்கும் மானம் ரோஷம் உண்டும்மா. எனக்கும் நாலு பேரு மரியாதை கொடுக்குறான்..."

கைகள் அப்படியே நின்றன. ஃபைருஸால் பொறுக்க முடியவில்லை. "அப்பா!" என்று அதட்டினான்.

"என்னடா அப்பா? பெரியவங்க பேசும்போது குறுக்க வராதே."

மிஸ்லானின் முகத்தில் ரத்தம் குப்பென்று ஏறியது. தாடை இறுகியது. போதும், பட்டாச்சு என்று அவர் கையை இழுக்கப்போனார். அன்று அவர் கையை இழுத்திருந்தால் அந்த இரண்டு குடும்பமும் அத்தோடு முடிந்திருக்கும்.

"கையை எடுக்காதீங்க!" என்றாள் மஸ்னா அக்கா.

அவள் மிஸ்லானைப் பார்த்துச் சொல்லவில்லை. ஹாஜியின் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கரண்டியை ஓங்கிய ராத்திரி அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

"யாரு கையை எடுக்குறா?" என்றார் ஹாஜி எரிச்சலோடு. "நான் பேசுறது காதுல விழுதா இல்லையா?"

"ஹாஜி, என்னையே பாருங்க. திரும்பாதீங்க. உங்க இடப்பக்கம் என்ன இருக்கு?"

"என்ன இருக்கும்? ஜன்னல். மழை பெய்யுது. ஏன், அதுவும் உன் புருஷனுக்குத் தெரியலையாமா?"

"ஜன்னலுக்கு முன்னால?"

"ஒண்ணுமில்ல. என்னம்மா வெளையாட்டு இது?"

கல்சோமின் கையில் தட்டு இருந்தது. அவள் தேநீர்க் கோப்பையைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், மெதுவாகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஃபைருஸ் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கைகள் மட்டும் ஹாஜியின் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றுகொண்டே இருந்தன.

பேச மாட்டேன் என்று வந்த மிஸ்லான்தான் கத்தினார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு கோபமாகக் கத்தி நான் கேட்டதில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"கை இருக்கு ஹாஜி! இங்க கை இருக்கு!"

ஹாஜி தம்ரின் திடுக்கிட்டுத் தலையைத் திருப்பினார். முகத்துக்கு நேரே இரண்டு கைகள். பின்வாங்கி நாற்காலியோடு ஒட்டிக்கொண்டார். கைகளைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், திரும்பவும் மஸ்னா அக்காவைப் பார்த்தார். அவர் பார்வை முன்னால் போனதும் கைகள் மறுபடி காணாமல் போயிருக்க வேண்டும். மறுபடி திரும்பினார்.

"கையே இல்லையே அங்க" என்றார். "இப்பத்தான... கையே இல்லையே அங்க."

எங்கள் புளோக்கில் வாண்டுகள் வரை சொல்லிச் சிரித்த வார்த்தை. அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. மிஸ்லான் கையை எடுக்கவும் இல்லை. ஹாஜி தன் கைகளை அவற்றின் மேல் கொண்டுவந்து வைத்தபோது, தொட்டு நெஞ்சில் வைக்க வேண்டும் என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள். விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மஸ்னா அக்கா கட்டுப் போட்ட காலை ஊன்றி எழுந்தாள். கோபம் அவள் குரலிலிருந்து கொஞ்சமும் இறங்கியிருக்கவில்லை.

"நாளைக்குக் காலையில வேனை எடு தம்பி" என்றாள். "ஹாஜி கண்ணைக் காட்டணும். கல்சோமும் வரணும், நானும் பார்த்துக்கணும். அப்புறம் நம்ம புளோக்குல சிரிச்சவன் ஒருத்தன் விடாம கதவைத் தட்டி ஏத்து."